சாவுப்பலகையின் வெள்ளைப் பாதி

ஸ்டோக் மார்லியில் டார்கஸ் ஹெம்ப்ரோவுக்குப் பயப்படாத வண்டிக்காரன் கிடையாது. வர்ணம் அடிக்க வண்டியை விட்டுவிட்டுப் போனவன், முடிந்ததா முடிந்ததா என்று வாசலில் வந்து நின்றால் போதும், அடுத்த முறை அந்தத் தெருப்பக்கமே தலைவைத்துப் படுக்காத மாதிரி ஒரு பதில் கிடைக்கும். ஐம்பதைத் தாண்டிய விதவை. கட்டையான உடம்பு, முழங்கைவரை சுருட்டிவிட்ட சட்டைக்கை, நகக்கண்ணில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம். பட்டறை வாசலில் தொங்கிய பெயர்ப்பலகையில் மட்டும் செத்துப்போன புருஷன் சைலஸின் பெயரே இருந்தது. ஊருக்கெல்லாம் பெயர்ப்பலகை எழுதுகிறவளுக்குத் தன்னுடையதை மாற்றி எழுத நேரமில்லை.

சாராயக்கடைப் பலகை, வண்டிக் கதவு, சவப்பெட்டித் தகடு என்று வந்த வேலையை எல்லாம் அவள் செய்தாள். ஆனால் அவள் பெயர் சுற்றுவட்டாரத்தில் பரவியதற்குக் காரணம் பெரிய வீடுகளின் குலச்சின்னங்கள். அந்தத் தொழிலுக்கென்று ஒரு தனிப் பாஷை உண்டு. சிவப்பைச் சிவப்பு என்று சொன்னால் பெரிய மனிதர்களுக்குக் கௌரவக் குறைச்சல், 'கியூல்ஸ்' என்று சொல்ல வேண்டும். பச்சை 'வெர்ட்', கறுப்பு 'சேபிள்'. மஞ்சளும் வெள்ளையும் நிறங்களே அல்ல, பொன்னும் வெள்ளியுமாம். பொன்மேல் வெள்ளி வரக்கூடாது, நிறத்தின்மேல் நிறம் வரக்கூடாது. பன்றி பின்னங்காலில் எழுந்து நின்றால் அதற்கு ஒரு சொல், நடந்தால் ஒரு சொல், படுத்தால் ஒரு சொல். டார்கஸுக்கு இவ்வளவும் தண்ணீர் பட்ட பாடு. பன்றி எப்படி நின்றாலும் வால் போடுவதுதான் கஷ்டம் என்பாள்.

அந்தப் பாஷையில் ஆளை ஏமாற்றுவது வலமும் இடமும்தான். கேடயத்தின் வலம் என்றால் பார்க்கிறவனின் வலம் அல்ல. அதைக் கையில் பிடித்துப் பின்னால் நிற்கிறானே, அவனுடைய வலம். எதிரே நிற்கிற நமக்கு அது இடதுகைப் பக்கம். கல்யாணமான வீட்டில் புருஷனின் சின்னம் கேடயத்தின் வலப் பாதியில், பெண்டாட்டியின் சின்னம் இடப் பாதியில். சைலஸ் இதற்கு ஒரே ஒரு வழி வைத்திருந்தான். சந்தேகம் வந்தால் கேடயத்துக்குப் பின்னால் போய் நில் என்பான்.

பெரிய வீட்டில் சாவு விழுந்தால் வாசலுக்கு மேலே சாவுப்பலகை மாட்ட வேண்டும். பலகை என்று பேர்தானே தவிர, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி அது. சதுரத்தை ஒரு மூலையில் நிறுத்தி வைத்த வடிவம். நடுவில் கேடயம். கேடயத்தைச் சுற்றியுள்ள வெற்றிடத்தில்தான் சேதி இருக்கிறது. புருஷன் போய்ப் பெண்டாட்டி இருந்தால் அவன் பக்கம் கறுப்பு, அவள் பக்கம் வெள்ளை. அவள் போய் அவன் இருந்தால் மாற்றிப்போட வேண்டும். இரண்டு பேருமே போய்விட்டால் முழுக்கக் கறுப்பு. எழுத்து வாசிக்கத் தெரியாத மாட்டுக்காரன்கூட எதிர்மேட்டில் நின்று பார்த்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு, போனது யார் என்று சரியாகச் சொல்லிவிடுவான்.

அந்த வருஷம் இலையுதிர்காலத்தில் காய்ச்சல் வந்தது. கூம்ப் ஹவுஸில் முதலில் படுத்தது எஜமானி லெட்டிஸ் ட்ரெவெட். அவள் பிழைக்கமாட்டாள் என்று வைத்தியர் கையை விரித்துவிட்டார். அவளைப் பார்த்துவிட்டு வந்து படுத்த புருஷன் ஜைல்ஸ் ட்ரெவெட், அவளை முந்திக்கொண்டு போய்ச் சேர்ந்தார். எல்லாவற்றிலும் தான்தான் முதலில் இருக்க வேண்டும் என்கிற மனிதர், இதிலும் விட்டுக்கொடுக்கவில்லை.

அவர்களுக்கு ஒரே மகன், ஜெர்வாஸ். அப்பனுக்கும் மகனுக்கும் ஆகாது. தான் பார்த்துவைத்த பெண்ணைக் கட்டவில்லை என்று அப்பன் அவனை வீட்டைவிட்டுத் துரத்தினார். நீங்கள் உயிரோடு இருக்கும்வரை இந்த வாசற்படி மிதிக்கமாட்டேன் என்று மகன் சொல்லிவிட்டு லிஸ்பனுக்குக் கப்பல் ஏறினான். சொன்னபடியே வரவும் இல்லை. அம்மா சாகக்கிடக்கிறாள் என்று வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ப்ரௌஸ் அம்மா, எஜமானருக்குத் தெரியாமல் ஆள்விட்டுச் சொல்லி அனுப்பியிருந்தாள். அவன் வருவானா மாட்டானா என்று யாருக்கும் தெரியாது. லெட்டிஸ் மட்டும், கண் திறக்கும்போதெல்லாம் கதவைப் பார்த்தபடி உயிரைப் பிடித்துவைத்திருந்தாள்.

டார்கஸுக்கு லெட்டிஸ்மேல் ஒரு தனிப் பிரியம். சைலஸ் செத்த மாதத்தில், இனி இந்தப் பட்டறைக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று அவள் முழித்துக்கொண்டிருந்தபோது, கூம்ப் ஹவுஸ் கோச்சு வண்டி வாசலில் வந்து நின்றது. கதவுச் சின்னத்தைப் புதுப்பிக்கவேண்டும் என்று லெட்டிஸே இறங்கிவந்து சொன்னாள். சைலஸ் மாதிரி எனக்கு வருமோ என்னவோ என்று டார்கஸ் இழுத்தாள். சைலஸ் போட்டது எது, நீ போட்டது எது என்று எனக்குத் தெரியாதா, இந்த நாரையெல்லாம் உன் கைதானே என்று லெட்டிஸ் சிரித்தாள். அதற்குப் பிறகு மற்ற வீட்டு வண்டிகளும் வரிசையாக வந்தன. அந்த ஒரு சிரிப்பில்தான் தன் அடுப்பு எரிகிறது என்று டார்கஸ் சொல்லிக்கொள்வாள்.

அதனால் ஜைல்ஸ் ட்ரெவெட்டின் சாவுப்பலகை வேலை வந்தபோது, துரைக்காக இல்லாவிட்டாலும் அம்மாவுக்காக நன்றாகச் செய்ய வேண்டும் என்று உட்கார்ந்தாள். கணவன் மனைவி சின்னம் சேர்ந்த சாவுப்பலகை அவள் தனியாகச் செய்தது இல்லை. சைலஸ்தான் செய்வான், அவள் பொன்பூச்சு மட்டும் பார்த்துக்கொள்வாள். ஆனாலும் கேடயத்தில் ஒரு தப்பும் வரவில்லை. வலப் பாதியில் ட்ரெவெட் வீட்டுக் கறுப்புப் பன்றி, பொன் தரையில் பின்னங்காலில் எழுந்து நின்றது. இடப் பாதியில் லெட்டிஸ் பிறந்த வீட்டின் மூன்று வெள்ளி நாரைகள், பச்சைத் தரையில்.

கடைசியாகப் பின்புலம். துணியை மேசைமேல் படுக்கப் போட்டிருந்தாள். கீழ் விளிம்பில் வர்ணம் ஈரமாக இருந்தது, சட்டை பட்டால் இழுத்துவிடும். அதனால் மேசையைச் சுற்றிப் போய்த் தலைமாட்டில் நின்றுகொண்டாள். செத்தது புருஷன், புருஷன் பக்கம் கேடயத்தின் வலம், அதாவது என் இடதுகைப் பக்கம் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு, இடதுகைப் பக்கம் முழுக்க விளக்குக்கரி கலந்த கறுப்பைப் பூசினாள். கால்மாட்டில் நின்று சொல்லவேண்டிய பாடத்தைத் தலைமாட்டில் நின்று சொல்லிவிட்டாள். இரண்டு நாள் கண்மூடாதவளுக்கு அது தெரியவில்லை. சீக்கிரம் காய டர்பென்டைனை அதிகம் விட்டு, கணப்படுப்புப் பக்கத்தில் வைத்து, சாக்கைப் போர்த்தி, மறுநாள் மாலை கூம்ப் ஹவுஸ் ஆட்களிடம் ஒப்படைத்தாள். மங்கிய இருட்டில் அவர்கள் அதை மாட்டினார்கள். சாவு வீட்டில் முன்வாசலை யாரும் புழங்குவதில்லை. அதனால் விடிந்த பிறகும் அதை யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

மறுநாள் முற்பகலில் பார வண்டிக்காரன் ஜேபஸ் ரட் பட்டறைக்கு வந்தான். வாரம் முழுக்க பிரிஸ்டலில் இருந்துவிட்டு அப்போதுதான் ஊருக்குள் நுழைகிறான். பாதி உடைந்த ஒரு ரொட்டியைக் கடித்தபடி, ஊரில் எல்லோருக்கும் முன்னால் தனக்குத் தெரிந்த சேதியை அவிழ்த்தான்.

"யாரைப் பார்த்தேன்னு சொல்லு பாப்போம், டார்கஸு. கூம்ப் ஹவுஸ் சின்னய்யா. குறுக்கு ரோட்டுச் சத்திரத்துல குதிரைக்கு லாடம் அடிக்கக் காத்துக்கிட்டு இருந்தாரு."

டார்கஸ் மேசையைச் சுரண்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். வந்துட்டானா, ஊருக்குள்தான் வருகிறானா என்று கேட்டாள்.

"ஊருக்குள்ள எதுக்கு வராரு? ஆளாளுக்கு வாய் குடுக்கணுமே. பீக்கன் மேட்டு வழியா நேரா போறாராம். 'அம்மா இருக்காங்களா'ன்னு என்னைக் கேட்டாரு. நான் எங்க கண்டேன், நானே இப்பதான் வரேன்னேன். 'இருந்தா உள்ள போய்ப் பாப்பேன், அந்த ஆள் அடிச்சாலும் பரவால்ல. இல்லேன்னா அந்த மூஞ்சியில முழிக்காம அப்படியே திரும்பிக் கப்பலேறிடுவேன், இனி இந்த நாடே வேணாம்'னாரு."

அந்த ஆள் செத்து மூன்று நாள் ஆகிறது என்று டார்கஸ் சொன்னதும் ஜேபஸ் ரொட்டியை வாயிலிருந்து எடுத்தான். ஐயோ, அது அவருக்குத் தெரியாதே என்றான்.

"தெரிஞ்சுடும். மேட்டு வளைவுக்கு வந்தாலே வாசல் தெரியும். பலகையைப் பார்த்தா ஒரு நொடியில புரிஞ்சுப்பான்." அதைச் சொன்னபோது அவளுக்குத் தன் வேலைமேல் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

சொல்லிவிட்டு மறுபடி மேசைக்குக் குனிந்தாள். துணியின் விளிம்பைத் தாண்டி மேசையில் வழிந்திருந்த கறுப்பைத்தான் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவள் இப்போது நின்றது மேசையின் கால்மாட்டில், எப்போதும் நிற்கிற இடத்தில். கறை அவளுடைய வலதுகைப் பக்கம் இருந்தது.

ஒரு கணம் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. தலைமாட்டுக்குப் போய் நின்று பார்த்தாள். மறுபடி கால்மாட்டுக்கு வந்தாள். சந்தேகமே இல்லை. நாரைப் பக்கம் கறுப்பு. ஜைல்ஸ் ட்ரெவெட் உயிரோடு இருக்கிறார், லெட்டிஸ் செத்துவிட்டாள் என்று அந்த வீட்டு வாசலில் எழுதி மாட்டியாயிற்று. மகன் அதைப் பார்க்கத்தான் மேட்டில் ஏறிக்கொண்டிருக்கிறான்.

"உன் குதிரைய அவுத்துக்கிட்டு ரோட்டு வழியா ஓடு. அவனைப் பிடி. அம்மா இருக்காங்கன்னு சொல்லு. பலகைய நம்பாதேன்னு சொல்லு."

சின்னய்யா இந்நேரம் லாடம் அடித்துக்கொண்டு பாதித் தூரம் போயிருப்பாரே, இந்தக் கிழட்டுக் குதிரை எங்கே போய்ப் பிடிக்கும் என்று ஜேபஸ் தொடங்கினான். அவள் காதில் அது விழவில்லை. பின்கதவு வழியாக வெளியேறி, ஆப்பிள் தோப்புக்குள் இறங்கி ஓடிக்கொண்டிருந்தாள்.

ரோட்டில் போனால் சுற்று. தோப்பைக் கடந்து, ஓடையைத் தாண்டி, கூம்ப் ஹவுஸ் மேய்ச்சல் நிலத்தில் ஏறினால் பாதித் தூரம். ஓடைமேல் போட்டிருந்த நடைப்பலகை ஆட்டம் கண்டிருந்ததால் தண்ணீரிலேயே இறங்கினாள். நனைந்த பாவாடை காலைச் சுற்றியது. ஓடிக்கொண்டே தன்னைத் திட்டிக்கொண்டாள். ஊரில் உள்ள வண்டிக்காரன் அத்தனை பேரையும் திட்டி வளர்ந்த வாய், அன்றைக்கு மொத்தத்தையும் தனக்கே வைத்துக்கொண்டது. அந்த அம்மா கதவைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாளே, அந்தக் கதவுக்கு வெளியே நானே அவளைக் கொன்று மாட்டிவிட்டேனே என்பதுதான் திரும்பத் திரும்ப மனத்தில் ஓடியது.

வீட்டு முன்புறத்துக்கு வந்து நிமிர்ந்து பார்த்தாள். எந்தக் குறையும் இல்லாத வேலை. பன்றியின் வால்கூட அழகாக வந்திருந்தது. கறுப்பு மட்டும் வலதுகைப் பக்கம்.

எதிரே பள்ளத்தாக்குக்கு அப்பால் பீக்கன் மேடு. பாதை வளைகிற இடத்தில் யாரும் இல்லை. வீட்டு வேலையாட்களும் இல்லை, எல்லோரும் மாதாகோயிலுக்குக் குடும்பக் கல்லறையைத் திறக்கப் போயிருந்தார்கள். பலகையை மாட்டிவிட்டு அவர்கள் போட்டுவிட்டுப் போன ஏணி சுவரோரம் கிடந்தது. டார்கஸ் அதைத் தூக்கி நிறுத்துகிற சத்தத்தில் ப்ரௌஸ் அம்மா பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு, உதட்டில் விரலை வைத்தபடி வந்தாள். அம்மா இப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறார்கள் என்றாள்.

டார்கஸ் மேலே கையைக் காட்டினாள். ப்ரௌஸ் அம்மா பார்த்தாள். நாற்பது வருஷம் அந்த வீட்டில் இருந்தவள், விளக்கம் தேவைப்படவில்லை. வாயைப் பொத்திக்கொண்டாள். சின்னய்யா மேட்டு வழியாக வருகிறார் என்று டார்கஸ் சொன்னதும் ஓடிவந்து ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டாள்.

அழித்து மாற்ற வர்ணம் கொண்டுவரவில்லை. கொண்டுவந்திருந்தாலும் கறுப்புமேல் வெள்ளை நிற்காது, சாம்பலாகிவிடும். கழற்றி எடுத்துவிட்டால்? சாவு வீட்டு வாசலில் பலகையே இல்லை என்றால் அவன் என்ன நினைப்பான்? அம்மாவைப் புதைத்து, பலகையையும் வழக்கப்படி மாதாகோயிலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றுதான் நினைப்பான். ஏணியில் ஏறிக்கொண்டே யோசித்தவள், சட்டத்தின் அடிமுனையைப் பார்த்தாள். அங்கே ஒரு வளையம் இருந்தது. காற்றில் படபடக்காமல் இழுத்துக் கட்ட மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு வளையம் போடுவது சைலஸ் காலத்து வழக்கம்.

தலைகீழாக மாட்டினால் கறுப்பு இடதுகைப் பக்கம் வந்துவிடும். அரை மைல் தள்ளி நிற்கிறவனுக்குப் பன்றியா தெரியப் போகிறது, நாரையா தெரியப் போகிறது. கறுப்பும் வெள்ளையும்தான் தெரியும்.

கீழ்க் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது ப்ரௌஸ் அம்மா கீழேயிருந்து மெல்லிய குரலில், "டார்கஸு, வந்துட்டாரு," என்றாள்.

டார்கஸ் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தாள். மேட்டு வளைவில் ஒரு குதிரை நின்றது. அதன்மேல் இருந்தவன் அசையாமல் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகத் தொப்பியைக் கழற்றினான். பார்த்துவிட்டான். அவள் கை முடிச்சில் வழுக்கியது. மறுபடி பிடித்தாள்.

அந்த நேரம் பார்த்து, சாவுக்காகச் சாத்தியிருந்த முன்வாசல் திறந்தது. செத்தவரின் தம்பி நத்தானியல் ட்ரெவெட், வெல்ஸ் நகரத்திலிருந்து இழவுக்கு வந்திருந்தவர், வெளியே வந்து நிமிர்ந்தார். அண்ணன் வீட்டுச் சின்னத்தை ஒரு பொம்பளை கொக்கியிலிருந்து கழற்றுவதைத்தான் அவர் கண்டார். இறங்கு என்றார். அவள் இறங்கவில்லை. பலகையைத் தோளில் தாங்கிக்கொண்டு சட்டத்தைச் சுழற்றினாள். பன்றி கால்களை வானத்துக்குக் காட்டிக்கொண்டு மல்லாந்தது.

நத்தானியலின் முகம் பிணம்போல வெளுத்தது. அந்த நாட்டில் சின்னத்தைத் தலைகீழாக மாட்டுவது துரோகிக்குச் செய்கிற அவமானம். அரசனைக் காட்டிக்கொடுத்தவனின் கேடயத்தைத்தான் அப்படிக் கவிழ்ப்பார்கள்.

"எங்க அண்ணன் என்ன ராஜத்துரோகியா? இறங்கு கீழே. இனி இந்த மாகாணத்துல ஒரு வீட்டுலயும் நீ தூரிகை தொடமுடியாது. நான் பாத்துக்கறேன்."

"பாத்துக்குங்க ஐயா. இதை மாட்டிட்டு இறங்கறேன்." வாயில் கயிற்றைக் கடித்திருந்ததால் அது பாதிதான் வெளியே வந்தது. அவர் ஏணியில் கைவைத்தார். ப்ரௌஸ் அம்மா, நாற்பது வருஷமாக ட்ரெவெட் யாருக்கும் எதிரே நின்று பேசாதவள், அவருக்கும் ஏணிக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள்.

வளையம் கொக்கியில் விழுந்தது. இப்போது கறுப்பு இடதுகைப் பக்கம், வெள்ளை வலதுகைப் பக்கம். டார்கஸ் திரும்பிப் பார்த்தாள். மேட்டில் குதிரையின் பின்புறம் தெரிந்தது. அவன் திரும்பிப் போய்க்கொண்டிருந்தான். அவசரமே இல்லாமல், ஒருமுறைகூட முகத்தைத் திருப்பாமல் போய்க்கொண்டிருந்தான். கத்தினால் கேட்கிற தூரம் இல்லை. ஆனாலும் கத்தினாள். காற்று அவள் பக்கமே அதைத் திருப்பியடித்தது.

"மணி," என்றாள். "ப்ரௌஸ், மணிய அடி."

வாசலோரம் சாப்பாட்டு மணி தொங்கியது. வயலில் இருப்பவர்களைக் கூப்பிடுகிற பெரிய மணி. சாவு விழுந்த வீட்டில் அது ஒலிக்கக் கூடாது என்று அதன் நாக்கைக் கறுப்புத் துணியால் சுற்றிவைத்திருந்தார்கள். ப்ரௌஸ் அம்மா ஒரு கணம் நத்தானியலைப் பார்த்தாள், ஒரு கணம் மேட்டைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் அந்தத் துணியைப் பிய்த்தெறிந்துவிட்டுக் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். சின்ன வயதில் ஜெர்வாஸ் ஓடையில் மீன்பிடித்துக்கொண்டே சாப்பாட்டை மறந்துவிடுவான். அப்போது எப்படி நிறுத்தாமல் அடிப்பாளோ, அப்படி அடித்தாள்.

குதிரை நின்றது. மேட்டு விளிம்புக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அவன் திரும்பினான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. டார்கஸ் ஏணியோடு ஒட்டிக்கொண்டு, தன் உடம்பு பலகையை மறைக்காமல் ஒதுங்கி நின்றாள். அவன் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தான். அவ்வளவுதான், அடுத்த கணம் குதிரை மேட்டில் இல்லை. பள்ளத்துக்குள் இறங்குகிற குளம்புச் சத்தம் மணிக்கு நடுவே கேட்டது.

அவன் வந்து குதித்தபோது பலகையை அண்ணாந்து பார்த்தான். மல்லாந்த பன்றியையும், அலகு கீழே தொங்கும் நாரைகளையும், ஏணியில் நனைந்த பாவாடையோடு நிற்கிற டார்கஸையும் பார்த்தான். சித்தப்பா எதையோ சொல்லத் தொடங்கினார். அவன் ப்ரௌஸ் அம்மாவிடம் ஒரே வார்த்தை கேட்டான், "இருக்காங்களா?" அவள் தலையாட்டினாள். அவன் உள்ளே ஓடினான்.

ஜேபஸ் வியர்த்து வழிகிற குதிரையோடு வந்து சேர்ந்தபோது டார்கஸ் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அவன் சமையலறையிலிருந்து ஒரு குவளை ஆப்பிள் மது வாங்கிவந்து கொடுத்தான். பாதியை மேலே சிந்திக்கொண்டுதான் குடித்தாள். நத்தானியல் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி, இதை உடனே கீழே இறக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார். இறக்குவதில் அவளுக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் நேராக்கி மாட்டினால் மறுபடி அந்த அம்மாவைச் சாகடித்ததாகும், திருத்தாமல் அதைத் தொடமாட்டேன் என்றாள்.

வெயில் சாயத் தொடங்கியபோது ஜெர்வாஸ் வெளியே வந்தான். கண் சிவந்திருந்தது. டார்கஸ் எழுந்து, அவன் கேட்பதற்கு முன்பே, பக்கம் மாறிப் பூசியது தான்தான், வேறு யார்மேலும் குற்றமில்லை என்றாள். அவன் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"ஹெம்ப்ரோ அம்மா, மேல வாங்க. அம்மா உங்களைக் கூப்பிடுறாங்க."

லெட்டிஸ் தலையணையோடு தலையணையாகக் கிடந்தாள். முகம் அவ்வளவு சிறுத்துப் போயிருந்தது. ஆனால் கண் கதவைப் பார்க்கவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்த மகனின் கையைப் பிடித்திருந்தாள்.

"என்னை நேத்தே சாகடிச்சுட்டியாமே, டார்கஸ்."

டார்கஸ் அழுதுவிட்டாள். சைலஸ் செத்தபோதுகூட அடுத்தவர் முன்னால் அழாதவள். "கை தப்பிடுச்சும்மா. தலைமாட்டுல நின்னு பூசிட்டேன்."

"ஜைல்ஸோட பன்னி கவுந்து கெடக்காமே?"

"ஆமாம்மா."

"கெடக்கட்டும். கல்யாணம் ஆனதுலேர்ந்து நிமிந்தே நின்னுச்சு. ஒரு நாள் கெடந்தா ஒண்ணும் ஆயிடாது." சிரிக்க முயன்று இருமினாள். ஜெர்வாஸ் தண்ணீர்க் கிண்ணத்தை உதட்டில் வைத்தான்.

இப்போதே எடுத்துப்போய் முழுவதையும் புதிதாகப் பூசி, நாளைக் காலையில் சரியாக மாட்டிவிடுகிறேன் என்று டார்கஸ் சொன்னாள். லெட்டிஸ் தலையை அசைத்தாள்.

"வேணாம். ஒரு நாள் பொறு. மிச்ச வெள்ளையையும் கறுப்பாக்கிட்டா எல்லாம் சரியாயிடும். ஒரே வேலையைப் போய் ரெண்டு தடவை செய்வியா?"

அவள் சொன்னது சரி என்பது டார்கஸுக்கு அந்த நிமிஷமே புரிந்தது. முழுக்கக் கறுப்பில் வலம் ஏது, இடம் ஏது. சரிம்மா என்றாள்.

மறுநாள் மதியத்துக்கு முன்பே ப்ரௌஸ் அம்மா மணியின் நாக்கைத் துணியால் மறுபடி சுற்றினாள். ஜெர்வாஸே ஏணியில் ஏறிப் பலகையைக் கழற்றி, ஜேபஸின் வண்டியில் வைத்து, பட்டறைக்குக் கொண்டுவந்தான். நத்தானியல் சொன்னபடி மாகாணம் முழுக்கச் சொல்லித்தான் பார்த்தார். ஆனால் கூம்ப் ஹவுஸுக்கு இப்போது எஜமான் ஜெர்வாஸ், அவனுடைய கோச்சு வண்டி ஹெம்ப்ரோ பட்டறை வாசலில்தான் நின்றது. டார்கஸ் பிற்பாடு எத்தனையோ சாவுப்பலகைகள் செய்தாள். ஒவ்வொன்றுக்கும், கறுப்பைத் தொடுவதற்கு முன்னால், சட்டத்தை மேசைமேல் நிமிர்த்தி நிறுத்திவிட்டு அதன் பின்னால் போய் நின்று, வலதுகையை நீட்டி, அந்தப் பக்கத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டுக்கொள்வாள். வண்டிக்காரர்கள் அவளுக்குக் கேட்காத தூரத்தில் நின்று சிரிப்பார்கள்.

ஜெர்வாஸ் பலகையைக் கொண்டுவந்த அன்றைக்கு மட்டும் அவள் அப்படி எதுவும் செய்யவில்லை. துணியை நேராக மேசைமேல் போட்டாள். பன்றி எழுந்து நின்றது, நாரைகள் தலைநிமிர்ந்தன. கறுப்பைக் குழைத்து, கேடயத்தின் ஓரம் ஓரமாக, மிச்சமிருந்த வெள்ளையில் பூசிக்கொண்டே வந்தாள். மேசையைச் சுற்றிச் சுற்றி வந்து, எந்தப் பக்கம் வசதியோ அந்தப் பக்கம் நின்று பூசினாள். எங்கே நிற்கிறோம் என்று ஒரு தடவைகூடப் பார்த்துக்கொள்ளவில்லை.